வேதசாட்சி சாகாத வருஷம்

நம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாளாக ஒரே சண்டை. யாரோ ஒரு பழைய நாடகப் படத்தைப் போட்டுவிட்டார்கள். கறுப்பு வெள்ளைப் படம், ஓரமெல்லாம் பூச்சி அரித்தது. மேடையில் ஒரு ராஜா நிற்கிறார், எதிரே வெள்ளை உடையில் ஒரு பெண். "அந்த வருஷம் தலைய வெட்டுனாங்களா இல்லையா?" என்று ஒருவர் கேட்டாலும் கேட்டார், வெட்டினார்கள் என்று பாதிப் பேரும், வெட்டுவதற்குள் திரை விழுந்துவிட்டது என்று மீதிப் பேரும் மல்லுக்கட்டுகிறீர்கள். மழை வந்து நாடகமே நடக்கவில்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவருக்கு அப்போது மூன்று வயது, போகட்டும்.

வெட்டவில்லை. நான் சொல்கிறேன், கேளுங்கள். அந்த ராஜா என் அப்பா. அந்தப் பெண் என் அக்கா. படத்தில் தெரியாத இடத்தில், பக்கத் திரைக்குப் பின்னால், ஏணியின் நாலாவது படியில் முதுகில் இறக்கையோடு நின்றுகொண்டிருந்தது நான். வெட்டியிருந்தால் எனக்குத்தான் முதலில் தெரிந்திருக்கும். ஏனென்றால் தலை விழுந்தால்தான் எனக்கு மேடை.

கதை உங்களுக்கெல்லாம் மனப்பாடம்தான். குழுவில் இருக்கும் மருமகப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ஒரு ராஜா, அவருக்கு ஒரே மகள். அவள் யாருக்கும் தெரியாமல் வேதத்தில், அதாவது கிறிஸ்தவத்தில், சேர்ந்து, கன்னியாகவே இருப்பேன் என்று கடவுளுக்கு வாக்குக் கொடுத்துவிடுகிறாள். ராஜா பக்கத்து நாட்டு இளவரசனைப் பேசி முடிக்கிறார். "மகளே, உன் விருப்பம் என்ன?" என்று சபையில் மூன்று தரம் கேட்கிறார். மூன்று தரமும் அவள் முடியாது என்கிறாள். தலையை வெட்டுகிறார்கள். வானதூதர் ஒரு கிரீடத்தோடு இறங்கி வந்து, வேதத்துக்காக உயிர் விட்ட வேதசாட்சிக்குச் சூட்டுகிறார். மங்களம்.

ஒவ்வொரு வருஷமும் திருநாளுக்கு இதே நாடகம்தான். நம் கோயில் உபதேசியார், அதுதான் ஞாயிற்றுக்கிழமை நமக்கெல்லாம் மறைக்கல்வி எடுத்து, காதைத் திருகியவர், அவர் எழுதியது. ராஜா வேஷம் பதினோரு வருஷமாக அப்பாவுடையது. அப்பா ரயிலில் கார்டு. பச்சைக் கொடி காட்டி விசில் ஊதுகிறவருக்குக் குரல் கணீரென்று இருக்காதா? கிளப்பில் வேண்டாமென்று போட்ட வெல்வெட் திரையை அம்மா அங்கியாகத் தைத்துக் கொடுத்திருந்தாள். அதைப் போட்டுக்கொண்டு அவர் நடந்து வந்தால் கரப்பான்பூச்சி உருண்டை வாசம் முன்வரிசை வரை அடிக்கும்.

மண்டபத்துக்குப் பின்னால்தானே தண்டவாளம்? நம் நடிகர்களுக்கு மட்டும் ஒரு வழக்கம் இருந்தது, ஞாபகமிருக்கிறதா? ரயில் வந்தால் வசனம் நிற்கும். கையைத் தூக்கியவர் தூக்கியபடி, அழுதவர் அழுதபடி. பெட்டிகள் எல்லாம் போய் முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள். ஜனங்களும் சிரிக்கமாட்டார்கள். அந்த நேரத்தில் பிள்ளைக்கு மூக்குச் சிந்திவிடுவார்கள்.

மூன்றாவது தரம் அவள் முடியாது என்று சொல்லும்போது பெண்கள் பக்கம் அழுகை பொத்துக்கொண்டு வரும். "தான் நெனச்சதுல எப்படி நின்னா பாரு" என்பார்கள். அடுத்த நாளே, சொன்ன கடைக்குப் போகாமல் வேறு கடைக்குப் போனதற்காகச் சொந்த மகளை விளக்குமாற்றால் சாத்துவார்கள். நாமும்தான் அடி வாங்கியிருக்கிறோம். கதையில் வருகிறவளுக்கு நாம் கொடுத்த சுதந்திரத்தில் கால்வாசியை வீட்டில் இருந்தவளுக்குக் கொடுத்திருந்தால் பல பேர் பிழைத்திருப்பார்கள். அப்போது எனக்கு இதெல்லாம் தோன்றவில்லை. எனக்கு என் கிரீடம்தான் கவலை.

அந்த வருஷம்தான் எனக்கு முதல் முறையாக வேஷம். இறக்கைக்காகப் பாசார் சந்தையில் கோழி வெட்டும் சீனத்தாத்தாவிடம் வாத்து இறகு கேட்டு வாங்கி, மூன்று தடவை கழுவி, அட்டையில் ஒட்டினோம். காய்ந்தபோது நன்றாக இருந்தது. மழை நாளில் மட்டும் வாத்து தன் வாசனையைக் காட்டும். கிரீடம் சிகரெட் பெட்டிக்குள் வரும் வெள்ளித்தாளால் செய்தது. அப்பாவின் சக கார்டுகள் எல்லாரும் எனக்காகப் புகைத்தார்கள். என் வசனம் ஒன்றே ஒன்று: "வாராய் மகளே, வெற்றி வாகை சூடாய்!" குளிக்கும்போது, சாப்பிடும்போது, கக்கூஸில் என்று எங்கேயும் சொல்லிப் பார்த்தேன். அம்மா கரண்டியை ஓங்கிய பிறகுதான் வாயை மூடினேன்.

அக்காவுக்குப் பத்தொன்பது வயது. பள்ளியில் பாரம் ஐந்து முடித்துவிட்டு வீட்டில் தையல் தைத்துக்கொண்டிருந்தாள். மிஸ்ஸி வேலைக்கு, அதுதான் நர்ஸ் வேலைக்கு, படிக்க எழுதிப் போட்டிருந்தாள். ஈப்போவில் சேரச் சொல்லி, மாதக் கடைசிக்குள் பதில் அனுப்ப வேண்டும் என்று கடிதம் வந்தது. அப்பா அதை இரண்டு தடவை படித்தார். பிறகு மடித்துச் சுவரில் இருந்த இயேசுவின் திரு இருதயப் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டார். என்ன செய்வதென்று அப்பாவுக்குத் தெரியாத காகிதமெல்லாம் அங்கேதான் போகும். அதற்குப் பின்னால் போன எதுவும் வெளியே வந்ததை நான் பார்த்ததில்லை.

அடுத்த வாரமே கிள்ளானிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை துறைமுக ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. வேதக்காரர், குடிப்பதில்லை, சொந்த வீடு. அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பெண் பார்க்க வீட்டுக்கு வரச்சொல்ல ஒரே தயக்கம், ஏனென்றால் நம் குவார்ட்டர்ஸ் வீடு உங்களுக்குத் தெரியும். ஒரு முன்னறை, ஒரு பின்னறை. அவர்கள் உட்கார்ந்தால் நாங்கள் எழுந்து வெளியே போக வேண்டும். ஆகவே அம்மா ஒரு யோசனை செய்தாள். "திருநாளுக்கு எல்லாரும் கோயிலுக்குத்தான வராங்க? அப்படியே அவங்களும் வந்து பாத்துட்டுப் போகட்டும். நம்ம பொண்ணுதான் மேடையில நிக்கப்போறாளே, லைட்டப் போட்டுக் காட்டுன மாதிரி இருக்கும்லா!"

அப்பாவுக்கும் இது பிடித்துவிட்டது. ஃபாதரிடம் சொல்லி, கிள்ளான்காரர்கள் திரும்பிப் போகத் தோதாக நாடகத்தை மாலை ஐந்து மணிக்கு மாற்றினார்கள். முன்வரிசையில் ஆறு நாற்காலி ஒதுக்கினார்கள். எல்லாம் செய்தவர்கள் ஒன்றை மட்டும் நினைக்கவில்லை. பதினோரு வருஷமாக அதே நாடகத்தைப் போட்டும், பார்த்தும், அழுதும் வந்தவர்களுக்கு, அது ஒரு பெண் மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்லும் கதை என்பது மனதிலேயே இல்லை.

உபதேசியாருக்குத்தான் கடைசி ஒத்திகையில் பொறி தட்டியது. அக்கா "முடியாது தந்தையே" என்று சொல்லி முடித்தாள். அவர் நோட்டுப் புத்தகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, நாளைக்கு முன்வரிசையில யாரு உக்காரப் போறா?" என்று அப்பாவைக் கேட்டார்.

"கிள்ளான்காரங்க. ஏன் ஐயா?"

"உங்க பொண்ணு மாப்பிள்ள மொகத்தப் பாத்துக்கிட்டே மூணு தரம் மாட்டேன்னு சொல்லப் போகுது. அதான்."

அப்பா வாயில் விசில் இல்லாமலேயே ஊதுவது போல ஒரு சத்தம் வந்தது. "சேசு மரியே!" என்று அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். அரை மணி நேரத்தில் கதை திருத்தப்பட்டது. இளவரசன் கிடையாது, கல்யாணப் பேச்சே கிடையாது, மூன்று கேள்வியும் கிடையாது. ராஜா வந்ததும் "காவலர்களே, இவளைச் சிறையில் தள்ளுங்கள்!" என்று சொல்லிவிட வேண்டும். ஏன் தள்ளுகிறார் என்று ஜனங்களுக்குத்தான் தெரியுமே.

அக்கா, "அந்த மூணு கேள்விதான ஐயா நாடகமே?" என்றாள்.

"கதையில வர்ற பொண்ணு வேற, நம்ம வூட்டுப் பொண்ணு வேற மா. அது சொல்லலாம். நீ சொல்லக்கூடாது" என்றார் உபதேசியார். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. ரொம்ப அன்பாகத்தான் சொன்னார்.

"சரிங்க ஐயா" என்றாள் அக்கா.

மறுநாள் மதியம் அக்கா எனக்குத் தலை வாரிவிட்டாள். வழக்கத்தைவிட இறுக்கிப் பின்னினாள். நான் கத்தினேன். அவள் என் பின்னந்தலையைப் பார்த்தபடி, "அந்த ராஜா கெட்டவன்தான?" என்று கேட்டாள்.

"ஆமா. பொல்லாதவன்."

"அந்தப் பொல்லாதவன்கூட மூணு தரம் கேக்குறான்" என்றாள். ரிப்பனைக் கட்டிவிட்டுப் போய்விட்டாள். எனக்குத் தலை வலித்ததுதான் அன்றைக்குப் பெரிய விஷயம்.

ஐந்து மணிக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. கிள்ளான் ஆன்டி, அதாவது மாப்பிள்ளையின் அம்மா, ஜெபப்புத்தகத்தால் விசிறிக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மாப்பிள்ளை. ஒல்லியாக, சட்டைக் காலருக்குள் கைக்குட்டை செருகி, வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசாமல் இருந்தார். அம்மா திரைக்குப் பின்னால் வந்து, "வாயில்லாத புள்ளடி, குடுத்துவச்சவ நீ" என்று அக்காவின் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனாள். பவுடர் அம்மாவின் விரலோடு வந்துவிட்டது.

நாடகம் ஒழுங்காகத்தான் போனது. ராஜா வந்தார். மகள் எதிரே வந்து நின்றாள். இரண்டு காவலர்கள், ரயில்வே பட்டறைப் பையன்கள், அட்டை வாளோடு, ராஜா கூப்பிடுவதற்காகக் காத்திருந்தார்கள். அப்பா வலது கையைத் தூக்கினார்.

பதினோரு வருஷப் பழக்கம் சும்மா விடுமா? கை அந்த உயரத்துக்குப் போனால் வாய் எதைச் சொல்லுமோ அதைச் சொல்லிவிட்டது. "மகளே, உன் விருப்பம் என்ன?"

பக்கத் திரையருகில் உபதேசியார் "போச்சு" என்றார். அக்கா ஒரு கணம் அப்பாவைப் பார்த்தாள். பிறகு பழைய வசனத்தையே சொன்னாள். "தந்தையே, என் உள்ளத்தை ஒருவருக்கே கொடுத்துவிட்டேன். இந்த மணம் எனக்கு வேண்டாம்." அந்தப் பதில் வந்துவிட்டால் அடுத்த கேள்வி தானாக வரும், அது அப்படிப்பட்ட கோர்வை. அப்பா இரண்டாவது தரம் கேட்டார். அக்கா இரண்டாவது தரம் சொன்னாள். உபதேசியார் கையை வெட்டி வெட்டிச் சைகை காட்டினார். அப்பாவின் நெற்றியில் வேர்வை இறங்கி, கோந்து போட்டு ஒட்டிய மீசை ஒரு பக்கம் எழும்பிவிட்டது.

மூன்றாவது தரமும் அப்பா கேட்டார். கணீர்க் குரல் இல்லை. மெதுவாக, வீட்டில் பேசுகிற மாதிரி. அது பழக்கத்தில் வந்ததா, இல்லை அவரே கேட்டதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் இருந்தவரை கேட்கத் துணியவில்லை.

அக்காவின் நாடகத் தமிழ் கழன்று விழுந்தது. "இப்பத்தாம்பா நீங்க என்னக் கேக்குறீங்க" என்றாள். "நாடகத்துலதான் கேக்குறீங்க. வூட்டுல ஒரு தடவகூடக் கேக்கலயேப்பா."

மேலே தொங்கிய மைக் அதை அப்படியே மண்டபம் முழுக்கக் கொண்டுபோனது.

சரியாக அப்போது சரக்கு ரயில் வந்தது. நீளமான ரயில். யாரும் அசையவில்லை, வழக்கப்படி. அப்பா தூக்கிய கையோடு நின்றார். பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. ஏணியின் மேலிருந்து எனக்கு அவர் முகம் நன்றாகத் தெரிந்தது. அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கொடி காட்டி அனுப்பிய வண்டியில் ஏதோ தப்பு என்று பாதி வழியில் தெரிந்துகொண்டவரைப் போல இருந்தார். கடைசிப் பெட்டியும் போய்விட்டது. ஜனங்கள் காத்திருந்தார்கள். அப்பாவின் கை இன்னும் மேலேயே இருந்தது.

காவலர்களில் ஒருவன் பொறுக்க முடியாமல் வாளோடு உள்ளே வந்துவிட்டான். அப்பா கையை இறக்கினார். அவனைப் பார்த்து, "வேணாம்பா. நீ போ" என்றார்.

பையன் திகைத்து, "அங்கிள், வெட்டணும்லா?" என்று கேட்டான்.

"வெட்ட வேணாம். போ."

உபதேசியார் ஓடிப்போய்த் திரைக் கயிற்றை இழுத்துவிட்டார். அதுதான் நடந்தது. அந்த வருஷம் நம் கோயில் பங்கில் வேதசாட்சி சாகவில்லை.

மண்டபத்தில் கைதட்டல் வந்தது என்றால் நம்புவீர்களா? உபதேசியார் கதையைப் புதுசாக மாற்றியிருக்கிறார் என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டார்கள். ராஜா மனம் திரும்பிவிட்டாராம். கிள்ளான் ஆன்டி கண்ணைத் துடைத்துக்கொண்டே, "பொண்ணு என்னமா நடிக்குது! நெஜமாவே பேசுற மாதிரி" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. நான் மட்டும் தெளிவாக அழுதேன். ஏணியிலிருந்து இறங்காமல், "என் கிரீடம், என் கிரீடம்" என்று கத்தினேன். இரண்டு மாதம் பாடம் பண்ணிய ஒற்றை வசனம் வாயிலேயே நின்றுவிட்டது. அக்கா சாகாததற்கு அன்றைக்கு அழுத ஒரே ஆள் நான்தான். ஆனாலும் அவளே வந்து என்னைத் தூக்கி இறக்கினாள்.

பிறகு மண்டபத்து ஓரத்தில் தேத்தண்ணியும், உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த கறிபாப்பும் கொடுத்தார்கள். அக்கா கோப்பையை நீட்டும்போது நான் இறக்கையோடு அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயில்லாத பிள்ளை அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"கடைசியா சொன்னீங்களே, அது நாடகமா, நெசமாங்க?"

அக்கா தரையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "நெசங்க."

அவர் தேத்தண்ணியை ஒரு மடக்குக் குடித்தார். முகத்தில் கோபமே இல்லை. "அப்ப சரிங்க. அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க" என்றார். இன்னொரு கறிபாப் எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அவரை மந்தம் என்றுதான் எங்கள் வீட்டில் கடைசிவரை பேசினார்கள். அன்றைக்கு அந்த மண்டபத்தில் இருந்தவர்களில் அவருக்குத்தான் காது சரியாகக் கேட்டது என்று இப்போது நினைக்கிறேன்.

வீட்டில் அப்பா தேங்காய் எண்ணெய் தடவி மூஞ்சிச் சாயத்தைத் துடைத்தார். பாதி ராஜா, பாதி அப்பா. அக்கா துண்டோடு பக்கத்தில் நின்றாள். அம்மா பின்னறையில் பாத்திரங்களோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"சரி, இப்ப கேக்குறேன்" என்றார் அப்பா. "ஒனக்கு என்னம்மா வேணும்?"

இந்த இடத்தில் அக்கா ஒரு பெரிய வசனம் பேசினாள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். கதையாக இருந்தால் பேசியிருப்பாள். கதையில் வருகிறவர்களுக்குத் தங்கள் மனம் அப்படியே தெரிந்திருக்கிறது. நம் அக்காவுக்குத் தெரியவில்லை.

"தெரியலப்பா" என்றாள்.

"கல்யாணம் வேணாமா?"

"அதும் தெரியல. அந்த மாப்பிள்ள நல்லவராத்தான் இருக்காரு. மிஸ்ஸி படிப்பும், ரத்தத்தப் பாத்தா பயமா இருக்கு. யோசிக்கணும்பா. நான்தான் யோசிக்கணும்."

அப்பா ரொம்ப நேரம் துடைத்தார். துடைக்க ஒன்றும் இல்லாத இடத்தையும் துடைத்தார். பிறகு எழுந்து போய்த் திரு இருதயப் படத்துக்குப் பின்னால் கையை விட்டு, அந்தக் கடிதத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "யோசி" என்றார். அக்கா அந்தக் கடிதத்தைப் பிரிக்காமல் நெஞ்சோடு வைத்துக்கொண்டு அப்படியே பலகைமேல் உட்கார்ந்தாள். அவள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அத்தனை நாளாக அவள் மூச்சைப் பிடித்து வைத்திருந்தாள் என்பது விட்டபோதுதான் தெரிந்தது.

அம்மா அப்பாவோடு இரண்டு வாரம் பேசவில்லை. அடுத்த வருஷம் ராஜா வேஷத்தை உபதேசியார் வேறு ஒருவருக்குக் கொடுத்தார். அப்பாவுக்கு வயதாகிவிட்டது, வசனம் மறக்கிறது என்றார். அங்கியைக் கழற்றிக் கொடுத்ததில் அவருக்கு ஒரு சந்தோஷம் இருந்த மாதிரிதான் இருந்தது.

எனக்குப் பிற்பாடு வரன் வந்தபோது அப்பா என்னையும் கேட்டார். அடுப்படியில் வைத்து, மூன்று தரம். மூன்று தரமும் சரி என்றேன். யாருக்குச் சரி சொன்னேன், அது எத்தனை வருஷம் ஓடியது, எப்படி முடிந்தது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆனால் அதற்காக நான் யாரையும் சபித்ததில்லை. சொன்னது நான். அந்தப் பழியை யார் மேலும் போட வேண்டியிருக்கவில்லை என்பதில் இந்த வயதிலும் எனக்கு ஒரு நிம்மதி இருக்கிறது.

அக்கா, நாடகம் நடந்த அந்த மாதக் கடைசியிலேயே பதில் அனுப்பினாள், ஈப்போவுக்குப் போகிறேன் என்று. நாலே மாதம். நாலு மாதத்தில் மூன்று தடவை ரத்தத்தைப் பார்த்து மயக்கம் போட்டு விழுந்தாள். பிறகு "வந்துடுறேன்" என்று ஒரு தந்தி.

அப்பாவும் அம்மாவும் நானும் கோலாலம்பூர் ஸ்டேஷனுக்குப் போனோம். அம்மா வழியெல்லாம் பொரிந்தாள். "கெடச்ச மாப்பிள்ளையையும் வுட்டாச்சு. படிப்பும் போச்சு. கேட்டீங்களே, கேட்டுக்கேட்டு வளத்தீங்களே, இப்ப என்னாச்சு?" அப்பா எங்களுக்கு முன்னால் வேகமாக நடந்துகொண்டே இருந்தார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இனிமேல் வீட்டில் யாரும் யாரையும் கேட்கமாட்டார்கள் என்று தோன்றியது.

ரயில் வந்தது. அக்கா தகரப் பெட்டியோடு இறங்கினாள். மெலிந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் அவள் கால் அங்கேயே நின்றுவிட்டது. அப்பா நேரே போய்ப் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

"சரிம்மா" என்றார். "அடுத்து என்ன?"

"அதுவும் தெரியலப்பா" என்றாள் அக்கா.

அப்பா சிரித்துவிட்டார். அக்காவும் சிரித்தாள். அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.